நாற்பது வாட் ஸ்காட்லாந்து

களமருதூர் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தின் இங்கிலீஷ் வாத்தியார் சூசைக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் வரப்போகிற சர்க்கார் காகிதம் அத்தனையிலும் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கும். அவற்றைப் படித்துப் படித்துக் கொஞ்ச நாள் சூசைக்கே தன் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் கள்ளக்குறிச்சி வெறும் தாலுகா. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை கிடையாது, மீதிப் பாதிக்குக் கரும்பலகை கிடையாது. ஆனாலும் உயிரொலிச் செவித்தேர்ச்சி மையம் என்று ஒன்று வந்து இறங்கிவிட்டது. பிள்ளைகளின் இங்கிலீஷ் கெட்டுப்போனதற்குக் காரணம் வாத்தியார்களின் வாய் அல்ல, காதுதான் என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். இங்கிலீஷில் எழுதுகிற உயிர் ஐந்து, பேசுகிற உயிர் இருபது. அந்த இருபதும் லண்டன்காரன் வாயில் ஒரு மாதிரி வரும், ஸ்காட்லாந்துக்காரன் வாயில் வேறு மாதிரி, ஆஸ்திரேலியாக்காரன் வாயில் இன்னொரு மாதிரி. இதைப் பிரித்துக் கேட்கத் தெரியாதவன் கையில் சாக்பீஸைக் கொடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டார்கள்.

சூசைக்கு வந்த கடுதாசியில் நான்கு வாரப் பயிற்சி, கடைசியில் தேர்வு என்று இருந்தது. தேறினால் செவித்தகுதிச் சான்றிதழ். தேறாவிட்டால் கல்வராயன் மலைக்கு மாற்றல். மலையில் பத்தொன்பது பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே இல்லை. இதுவரை போட்டவர்கள் எல்லாரும் மூன்றாம் நாளே வயிற்றுவலி என்று இறங்கி வந்துவிட்டார்கள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் நடைதான்.

சூசையின் மனைவி கிரேசுக்கு அப்போது எட்டாம் மாசம் பிறந்திருந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை. கட்டை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை வலி எடுத்தால் உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று இரண்டு பேரும் நாளை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். கடுதாசியைப் படித்துச் சொன்னதும் கிரேஸ் அரிசி புடைத்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"பாஸாயிடுங்க," என்றாள். "வேற ஒண்ணும் நான் கேக்கல. மலைக்கு மட்டும் போவாதீங்க."

மையம் இருந்த இடம் ஒரு பழைய மணிலாக்கொட்டை மண்டி. உள்ளே நுழைந்தால் இங்கிலீஷுக்கு முன்னால் வேர்க்கடலை வாசம்தான் வரவேற்கும். அதன் தலைமை ஒலி அதிகாரி நாராயணசாமி வடக்கே எங்கோ போய்ப் பதினோரு நாள் பயிற்சி எடுத்து வந்தவர். அந்தப் பதினோரு நாளையும் அவர் மறக்கவில்லை, யாரையும் மறக்க விடவுமில்லை. முதல் நாள் இருபது வாத்தியார்களையும் வரிசையில் நிறுத்தி, டார்ச் லைட் அடித்துக் காதுக்குள் பார்த்தார். பிறகு பேசினார்.

"நானும் ஒரு காலத்தில் உங்களைப் போல் மனிதர்கள் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொண்டு திரிந்தவன்தான். அது பாமரத்தனம். எதிராளி என்ன சொல்கிறான் என்று கவனித்தால், எந்த உயிரில் சொல்கிறான் என்பது கைநழுவிப் போகும். பயிற்சி முடியும்போது, ஒருவர் பேசுவதில் ஒரு சொல்லும் புரியாமல் உயிரை மட்டும் பிடிக்கும் நிலையை நீங்கள் அடைவீர்கள். நான் அடைந்துவிட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். சூசையும் தட்டினான்.

பயிற்சிக்கு இருபது இரும்பு நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மைக் செட், பந்தல் சாமான் கடை வைத்திருந்த ஜமால் முகமதுவின் நாற்காலிகள் அவை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு உயிரின் நம்பர் ஒட்டியிருக்கும். டேப் ரிக்கார்டரில் ஒரு சொல் ஓடும். அதில் எந்த உயிர் கேட்கிறதோ அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். பன்னிரண்டாம் உயிர் ஓடினால் இருபது பேரும் பன்னிரண்டாம் நாற்காலிக்குத்தானே ஓடுவார்கள்? ஓடினார்கள். முதலில் உட்கார்ந்தவருக்கு மார்க், மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இதைப் பற்றிக் கேட்டதற்கு, கூர்மையான செவி உள்ளவனுக்குக் கால் தானாக முந்தும் என்று நாராயணசாமி விளக்கம் கொடுத்தார். தியாகதுருகத்திலிருந்து வந்திருந்த மாயவன் என்ற வாத்தியார் பள்ளிக்கூட நாட்களில் கபடி ஆடியவர். அவருக்கு முதல் வாரமே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

இரண்டாம் வாரம் முகூர்த்த நாள் வந்தது. ஜமால் முகமது வந்து, கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டு விட்டேன் என்று ஒன்பது நாற்காலியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாராயணசாமி ஒரு மணி நேரம் யோசித்தார். பிறகு, மறு உத்தரவு வரும் வரை இங்கிலீஷில் பதினோரு உயிர் மட்டுமே செயல்படும் என்று சுற்றறிக்கை எழுதி ஒட்டினார். அந்த மூன்று நாளும் டேப்பில் விடுப்பில் போன உயிர் வந்தால் எல்லாரும் நின்ற இடத்திலேயே மௌனமாக நிற்க வேண்டும். கல்யாணம் முடிந்து நாற்காலிகள் திரும்பி வந்தன. ஒன்றில் பாயசம் காய்ந்து ஒட்டியிருந்தது. அது ஏழாம் உயிர்.

இதையெல்லாம்கூடச் சூசை பொறுத்துக்கொண்டான். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மையத்திடம் இருந்தது ஒரே ஒரு ஒலிநாடா. திறப்பு விழா அன்று அதை முதன்முதலாக ஓடவிட்டபோது, சுற்றிலும் கரும்புக் கொல்லைகளில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்த நேரம். கரண்டு மெலிந்துபோய் டேப் இழுத்து இழுத்து ஓடியது. அதிலிருந்து தடித்த, சாவகாசமான ஒரு குரல் வந்தது. விழாத் தலைவர் உருகிப்போய், இதுதான் அசல் லண்டன் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். சொன்னது அறிக்கையில் ஏறியது. அன்றிலிருந்து அதுவே லண்டன் ஆயிற்று.

பம்ப்செட் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுகிற நாளில் டேப் இன்னும் மெதுவாகச் சுற்றும், குரல் கிழவனுடையது மாதிரி அடித்தொண்டைக்குப் போய்விடும். நாராயணசாமி அதை ஆராய்ந்து ஸ்காட்லாந்து என்று பதிந்தார். மழை பெய்து கொல்லையில் தண்ணீர் நின்ற நாளில் கரண்டு முழுசாக வந்தது, டேப் சுறுசுறுப்பாக ஓடியது, மெல்லிய பெண்குரல் ஒன்று கடகடவென்று பேசியது. அது ஆஸ்திரேலியா. ஒரே ஒலிநாடாவில் மூன்று தேசம் அடங்கியிருப்பதை உலகத்தில் முதலில் கண்டவர் தாமே என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார்.

நாற்காலி வாடகை வாங்க வந்த ஜமால் முகமது வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். இருபது வருஷம் மைக் செட் போட்ட மனிதர்.

"சார், கோச்சிக்காதீங்க. கரண்டு கம்மியா வருது, அதான் டேப்பு இழுக்குது. ஒரே அம்மாதான் பேசிக்கினு இருக்காங்க," என்றார்.

நாராயணசாமி கோபித்துக்கொள்ளவில்லை. பாமரர்களுக்கு விளக்குவது தம் கடமை என்று நினைப்பவர் அவர். "பாய், கரண்டு குறைந்தால் சத்தம் குறைய வேண்டும். இங்கே குரல் தடிக்கிறது. ஆகையால் ஆள் மாறியிருக்கிறார். தவிர, மூன்று தேசம் என்று மேலே எழுதியாயிற்று. வோல்டேஜுக்காக ஆஸ்திரேலியாவை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை," என்றார்.

ஜமால் முகமது வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சூசை காதிலும் ஒரே அம்மாதான் கேட்டார். என்ன செய்வான் பாவம், அவன் காது வளர்ந்த விதம் அப்படி. சின்ன வயசில் ஊர் மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்தவன். அங்கே அடுத்தடுத்து வந்த சாமியார்கள் மூன்று பேர், ஒருத்தர் பிரான்சு, ஒருத்தர் அயர்லாந்து, ஒருத்தர் கேரளா. மூன்று பேரும் அதே இங்கிலீஷைத்தான் பேசினார்கள், மூன்று விதமாகப் பேசினார்கள். முதல் இரண்டு நாள் தலையும் வாலும் புரியாது. மூன்றாம் நாள் காது அந்தச் சாமியாருக்குத் தக்கபடி சரிந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எல்லாம் புரியும். ஆளைப் பிடித்துவிட்டால் உயிர் தானாக வந்து சேர்ந்துவிடும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. டேப் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், வாக்கியம் முடிகிற இடத்தில் அந்த அம்மா மூச்சை லேசாக உறிஞ்சுவது அவனுக்குக் கேட்டுவிடும்.

மூன்றாம் வாரப் பரீட்சையில் மூன்று முறையும் ஒரே ஆள் என்று எழுதினான். முட்டை. மற்ற பத்தொன்பது பேரும் நூற்றுக்கு நூறு.

எப்படி என்று மாயவனை டீக்கடையில் வைத்துக் கேட்டான். மாயவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னா சார் நீ, காதால கேட்டுக்கினு இருக்கிற? மேல பாரு. நாப்பது வாட் பல்பு தொங்குதில்ல? பீடி நெருப்பாட்டம் எரிஞ்சா ஸ்காட்லாந்து. சுமாரா எரிஞ்சா லண்டனு. கண்ணு கூசுனா ஆஸ்திரேலியா. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறோம். நீ இன்னாத்துக்குக் கண்ண மூடிக்கினு குந்தியிருக்கிற?"

சூசை கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பான். அது பூசைக் காலத்துப் பழக்கம். மாயவன் சொன்னதைக் கேட்டு அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய்க் கிரேசிடம் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. பல்பைப் பார்ப்பது ஒன்றும் பாவமில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள், அது போதும் என்றாள். நான்காம் வாரம் முழுக்கச் சூசை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கும் நூற்றுக்கு நூறு விழுந்தது. நாராயணசாமி அவன் காதை மறுபடி டார்ச் அடித்துப் பார்த்து, திறந்துகொண்டு விட்டது என்று குறிப்பு எழுதினார்.

தேர்வு நாளும் வந்தது. வெளித் தேர்வாளராக ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருகிறார், பேர் மிஸ் பென் என்று அறிவித்திருந்தார்கள். நாராயணசாமி பத்தொன்பது பேரையும் சூசையையும் வாசலில் நிறுத்தி வரவேற்புச் சொல்லப் பழக்கியிருந்தார். லண்டன் வழக்கில், அதாவது பம்ப்செட் பாதி ஓடுகிற வேகத்தில். ஜீப் வந்து நின்றது. ஒல்லியாக, தொப்பி போட்ட ஒரு அம்மாள் இறங்கினார். இருபது பேரும் அடித்தொண்டையிலிருந்து குட் மார்னிங் சொல்ல ஆரம்பித்தார்கள். குட் முடிவதற்கே கால் நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாள் முகம் மாறிப்போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் இறந்துபோனது என்று டிரைவரிடம் மெதுவாக விசாரித்தார்.

எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாராயணசாமி டேப்பைப் போடப் போன நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. பத்தொன்பது தலையும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன. பல்பு செத்துக் கிடந்தது. மாயவன் முகத்தில் ஈயாடவில்லை.

மிஸ் பென் பதறவில்லை. டேப் எதற்கு, நானே வாசிக்கிறேன், எந்த ஊர்ப் பேச்சு என்று அவர்கள் சொல்லட்டும் என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வாசித்தார். சூசை தன்னை அறியாமல் கண்ணை மூடினான். இரண்டாவது வாக்கியம் முடிகிற இடத்தில் அந்த அம்மாள் மூச்சை லேசாக உறிஞ்சினார்.

சூசைக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வாரமாகக் கிழவனாகவும் நடுவயசாகவும் பெண்ணாகவும் கேட்ட அதே ஆள் எதிரே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.

நாராயணசாமி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் ஆள் பல்பைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் லண்டன் என்றார். லண்டன் என்று சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று அடுத்த ஆளுக்குப் பட்டது, அவரும் லண்டன் என்றார். பத்தொன்பது லண்டன் வந்தது. இருபதாவதாகச் சூசை எழுந்து நின்றான்.

லண்டன் என்றால் நான்கே எழுத்து, சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். கிரேஸ் முகம் கண்ணில் வந்தது. கட்டை வண்டியும் வந்தது. வாயைத் திறந்தான். ஆனால் எதிரே உயிரோடு நிற்கிற ஒரு மனுஷியைப் பார்த்து, நீ நீயில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"சார், நம்ம டேப்புல பேசறது இவங்கதான் சார். லண்டனும் இவங்கதான், ஸ்காட்லாந்தும் இவங்கதான்," என்றான்.

மிஸ் பென்னுக்கு விஷயத்தை மொழிபெயர்த்தார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் அந்த நாடாவில் பேசினேன், எப்படிக் கண்டுபிடித்தார் இவர் என்று கேட்டார். தாம் பிறந்தது யார்க்‌ஷயர் என்றும், லண்டனில் நான்கு நாள்தான் தங்கியிருந்ததாகவும் சொன்னார்.

நாராயணசாமி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மணி பொய் சொல்வதாக நான் கூறவில்லை. அவர் தம் குரலைத் தாமே உள்ளிருந்து கேட்பதால் அவருக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் பதிவேட்டில் லண்டன் குரல் கனமானது, இவருடையது கனமாக இல்லை. பத்தொன்பது செவிகள் லண்டன் என்ற பிறகு இது லண்டன்தான், அம்மணிதான் அதைச் சரியாகப் பேசவில்லை. யார்க்‌ஷயர் என்ற தேசம் எங்கள் பட்டியலில் இல்லை. ஒரு மையம் இருக்கிறதென்றால் அது சொல்வதற்கு ஏற்ப மனிதர்கள் பேச வேண்டும். ஆளாளுக்குத் தம் வாயால் பேச ஆரம்பித்தால் மையம் எதற்கு?"

முடிவு அன்று மாலையே எழுதி ஒட்டப்பட்டது. பத்தொன்பது பேர் தேர்ச்சி. சூசை தோல்வி, செவி மீண்டும் மூடிக்கொண்டது. அதற்குக் கீழே, வாசித்துக் காட்டிய மிஸ் பென் அவர்களும் தோல்வி என்று போட்டிருந்தது. அவர் அதைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சிரித்துச் சிரித்து ஜீப்பில் ஏற முடியாமல் நின்றார். பிறகு சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சூசை சிரிக்கவில்லை. களமருதூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனான், உட்கார இடம் இருந்தும். வீட்டில் அவன் முகத்தைப் பார்த்ததுமே கிரேசுக்குத் தெரிந்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை லண்டன் என்று சொல்லாமல் போய்விட்டேனே என்று அவன் அழுதான். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, அந்த அம்மா பாவம், இவ்வளவு தூரம் வந்து பெயிலாகிவிட்டுப் போனார்களே என்றாள். மறுநாளிலிருந்து பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. சூசை பிரிக்க மாட்டாமல் கிரேசிடம் கொடுத்தான். அவள் படித்தாள், மறுபடியும் படித்தாள்.

மையத்தின் அபார வெற்றியைக் கேள்விப்பட்ட மேலிடம் பூரித்துப் போயிருந்தது. இருபதுக்குப் பத்தொன்பது பேர் சான்றிதழ் பெற்ற செவிகள். இப்படிப்பட்ட நிபுணர்களைச் சமவெளியில் வீணடிக்கலாமா? தேவை அதிகமுள்ள இடத்துக்கல்லவா அனுப்ப வேண்டும்? பத்தொன்பது பேரையும் மலையில் காலியாக இருந்த பத்தொன்பது பள்ளிக்கூடத்துக்கு உடனே நியமித்திருந்தார்கள். தோல்வியுற்ற சூசையை விதிப்படி மலைக்கு மாற்ற வேண்டும்தான், ஆனால் அங்கே இனி இடம் காலி இல்லாததால் அவர் களமருதூரிலேயே தண்டனையை அனுபவிக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

அடுத்த மாசம் கிரேசுக்கு வலி எடுத்தது ஒரு காலைப் பொழுதில். ஏழே கால் பஸ்ஸில் ஏற்றி, எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். பெண் பிள்ளை, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பிறந்தது. லூசி என்று பேர் வைத்தார்கள்.

மாயவன் மலையிலிருந்து கடுதாசி எழுதினார். பள்ளிக்கூடத்தில் கரண்டே இல்லை என்றும், பல்பைத் தேடி அண்ணாந்து அண்ணாந்து கழுத்துச் சுளுக்கிக்கொண்டது என்றும் எழுதியிருந்தார். பிள்ளைகளிடம் சான்றிதழ் பெற்ற லண்டன் வழக்கில் இழுத்து இழுத்துப் பேசினாராம். இரண்டு நாள் திருதிருவென்று விழித்தார்களாம், மூன்றாம் நாள் எல்லாம் புரிந்துகொண்டு அவருக்கே பதில் சொன்னார்களாம். யாரும் அவர்கள் காதுக்குள் டார்ச் அடிக்கவில்லை.

நாராயணசாமிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கரண்டு ஏறி இறங்குவதால் தேசங்கள் குழம்புகின்றன, ஆகவே மையத்துக்கு நிரந்தரமாகக் குறைந்த கரண்டு வழங்க வேண்டும் என்று மின்சார ஆபீசுக்கு விண்ணப்பம் போட்டார். அந்த ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை. கையோடு அன்றைக்கே அனுமதித்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது சூசைக்கு இன்னொரு கடுதாசி வந்தது. மறுதேர்வு. எழுத வேண்டியவர்கள் இரண்டு பேர், ஒன்று ஆ. சூசை, இரண்டு மிஸ் பென். கிரேஸ் தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"இந்தவாட்டி பாஸாயிட்டா இன்னா பண்ணுவாங்க?"

"மலையில மூணு பேரு வயித்துவலின்னு எறங்கி வந்துட்டாங்களாம். மலைக்கு இனிமே சான்றிதழ் வாங்குனவங்களத்தான் அனுப்புவாங்களாம், பாஸானா அங்க போடுவாங்க."

கிரேஸ் தூளிக் கயிற்றை விட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ கண்ண நல்லா மூடிக்கினு கேளுங்க," என்றாள்.